சதாசிவம்: நினைவில் நின்றதும் நில்லாததும்

மரடோனா இறந்த செய்தி லுணுகலைக்கு வந்து சேர்ந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். 2020ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி இரவு அது. கொரோனாவின் இரண்டாம் அலையில் கொழும்பின் பல பகுதிகள் முடக்கப்பட்டிருந்தன. ஓரிரு நாள் அலுவலாக ஊருக்குப் போன நான், திரும்பும் வழியின்றி மூன்று வாரங்களாகப் பிறந்த மண்ணிலேயே தங்கியிருந்தேன்.

மறுநாள் காலை கடைத்தெருவுக்கு இறங்கினேன். பதுளையிலிருந்து பசறை வழியாக ஏறி, லுணுகலையைத் தொட்டு, பிபிலைக்கும் அப்பால் செங்கலடிக்கும் இறங்கிப் போகும் பெருந்தெருவின் ஓரத்தில் ஒரு சலூன். முகச்சவரம் செய்யும் இளைஞன், பத்திரிகையில் வந்த மரடோனாவின் படத்தை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி, அதற்கு ஒரு முழம் கதம்பம் சாத்தியிருந்தான். 1986ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின்போது அவன் பிறக்கவேயில்லை. ஆயினும் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு நிமிட இடைவெளியில் கையால் ஒன்றும் காலால் ஒன்றுமாக அந்த மனிதர் போட்ட இரண்டு கோல்களையும் கண்ணால் கண்டவன்போல் விவரித்துக்கொண்டிருந்தான். 1991இல் போதைப்பொருளால் வந்த பதினைந்து மாதத் தடையும், 1994இல் அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அவமானமும் அவன் கதையில் இருந்தன. ஆனால் அவை மரடோனாவின் குற்றங்களாக அல்ல, மரடோனாவுக்கு நேர்ந்த துன்பங்களாகவே அங்கே சொல்லப்பட்டன.

சலூனில் இன்னொருவரும் இருந்தார். எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர். எண்பத்திரண்டு வயது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முகத்தில் சவர்க்கார நுரையோடே சொன்னார்:

"எங்கேயோ ஆர்ஜென்டினாவுல செத்தவனுக்கு மாலை போடுறீங்க. சரி, போடுங்க. நம்ம சதாசிவம் செத்தப்போ இந்த ஊருல ஒரு பூ வைக்கலயேடா தம்பி."

"யாரு சேர் சதாசிவம்?" என்றான் இளைஞன்.

அந்தக் கேள்விக்குரிய பதிலாகவே இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடிப்பதற்குள் கேள்வி வேறொன்றாக மாறிவிட்டது. அதையும் சொல்கிறேன்.

*

மகாதேவன் சதாசிவம் 1915ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி பிறந்தவர். கொழும்பில் புனித சூசையப்பர் கல்லூரியிலும் வெஸ்லி கல்லூரியிலும் படித்தவர். 1899இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ் யூனியன் கழகத்துக்காக ஆடியவர். அவர் ஆடிய காலத்தில் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து இல்லை. அது 1981இல்தான் கிடைத்தது. எனவே அவருடைய புகழைத் தாங்கும் புள்ளிவிவரங்கள் மிகச் சொற்பம். முதல்தரப் போட்டிகள் பதினொன்று, ஓட்டங்கள் 753, சராசரி 41.83. இன்று ஒரு பருவகாலத்திலேயே இதைவிட அதிகமாகக் குவிப்பவர்கள் உண்டு.

ஆனால் அவரைக் கண்டவர்கள் எண்களைச் சொல்வதில்லை. மணிக்கட்டைச் சொல்வார்கள். பந்து மட்டையைத் தொடும் கடைசிக் கணம்வரை காத்திருந்து, காவலர் இருவருக்கு நடுவே ஓர் இழை இடைவெளி பார்த்து அதைத் திருப்பிவிடும் அந்தத் தாமதத்தைச் சொல்வார்கள். களத்தடுப்பாளரை ஓரிடத்திலிருந்து நகர்த்தினால் அடுத்த பந்து அவர் விட்டுப்போன இடத்தின் வழியாகவே போகும் என்பார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் பிராங் வொரல், தாம் பார்த்தவர்களில் மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர் சதாசிவமே என்று சொன்னதாக இலங்கையின் கிரிக்கெட் எழுத்தாளர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவருகிறார்கள். காரி சோபர்ஸின் பெயரிலும் அத்தகைய புகழுரையொன்று வழங்கிவருகிறது. ஒரு நாட்டின் நினைவில் இப்படியொரு புகழுரை எழுபது ஆண்டுகள் உயிரோடிருப்பதற்கு, அந்த ஆட்டத்தில் ஏதோ இருந்திருக்கத்தான் வேண்டும்.

மூன்று ஆட்டங்கள் எப்போதும் பேசப்படும். முதலாவது 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் எடுத்த 215 ஓட்டங்கள். கடல் கடந்து போய், தமிழ்நாட்டு ரசிகர்கள் முன்னிலையில், இலங்கைத் தமிழரொருவர் ஆடிய ஆட்டம் அது. இரண்டாவது, 1948 மார்ச் 27. இங்கிலாந்து செல்லும் ஆஸ்திரேலிய அணியின் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் தரித்து நிற்கும். அந்த ஒரு நாளில் ஓவல் மைதானத்தில் ஒரு போட்டி நடக்கும். அவ்வாண்டு வந்திறங்கியது டொன் பிரட்மனின் அணி. பின்னர் இங்கிலாந்தில் ஒரு போட்டியிலும் தோற்காமல் 'வெல்லமுடியாதவர்கள்' என்று பெயர் பெற்ற அணி. நாணயச் சுழற்சிக்கு பிரட்மனுடன் நடந்துவந்த இலங்கைத் தலைவர் சதாசிவம். பிரட்மன் 20 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். ஆடுகளத்தின் நீளம் இருபத்திரண்டு யாருக்குப் பதிலாக இருபது யார்தான் இருந்தது என்பது அந்தப் போட்டியோடு ஒட்டிக்கொண்ட வேடிக்கை.

மூன்றாவது ஆட்டத்தை எங்கள் ஆசிரியரே பார்த்திருக்கிறார். 1950இன் தொடக்கத்தில், வொரல் உள்ளிட்ட பெயர் பெற்ற வீரர்கள் கொண்ட பொதுநலவாய அணியொன்று இந்தியாவையும் இலங்கையையும் சுற்றி ஆடியது. புறக்கோட்டையில் கடையொன்றில் வேலை பார்த்த மாமனின் தயவில், பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அவர் பதுளையிலிருந்து இரவு ரயிலேறிப் போனாராம். சதாசிவம் அன்று 96.

"நூறு அடிக்கலயே சேர்?" என்று கேட்டேன்.

"நூறு யாரும் அடிப்பான். அந்தத் தொண்ணூத்தாற அவரு மட்டும்தான் அடிப்பாரு" என்றார்.

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவருடைய வலது மணிக்கட்டு அந்த அடியைக் காற்றில் அடித்துக் காட்டியது.

கூடவே இரவுகளைப் பற்றிய கதைகளும் உண்டு. விடியும்வரை விருந்திலும் மதுவிலும் நடனத்திலும் கழித்துவிட்டு, இரவு உடையிலேயே மைதானத்துக்கு வந்து, குளித்து உடைமாற்றிச் சதமடித்தார் என்று சொல்வார்கள். எந்த ஆட்டம், எந்த விருந்து என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். இவற்றில் உண்மை எவ்வளவு என்பதைவிட, ரசிகர்கள் இக்கதைகளை ஏன் விரும்புகிறார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. உழைத்துப் பெற்ற திறமையை நாம் மதிக்கிறோம். உழைக்காமல் வந்ததாகத் தோன்றும் திறமையை வணங்குகிறோம். ஜோர்ஜ் பெஸ்ட்டைப் பற்றி பெல்ஃபாஸ்டில் சொல்லும் கதைகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அவர் இறந்ததும் ஒரு நவம்பர் 25இல்தான், மரடோனாவுக்குச் சரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2005இல்.

*

இந்த இடத்தில் மலையகத்துக்காரனாகிய நான் ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது.

1948 மார்ச்சில் ஒரு தமிழர் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். சுதந்திரம் கிடைத்து அப்போது இரண்டு மாதங்கள்கூட நிறையவில்லை. அதே ஆண்டு நவம்பரில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. லுணுகலையிலும் மடுல்சீமையிலும் பசறையிலும் தேயிலை பறித்துக்கொண்டிருந்த எங்கள் பாட்டன் பாட்டிமார் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லர் என்றாகிவிட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர்களைத் தந்த மக்கள், 1952 தேர்தலில் பெரும்பாலும் வாக்கற்றவர்களாக வேடிக்கை பார்த்தார்கள். பிரட்மனை ஏற்றிவந்தது போன்ற கப்பல்கள் தரித்த அதே கொழும்புத் துறைமுகத்திலிருந்துதான் எங்கள் தேயிலைப் பெட்டிகள் லண்டனுக்குப் போயின.

ஆகவே "நம்ம சதாசிவம்" என்று ஆசிரியர் சொன்ன அந்த 'நம்ம' எளிதில் வந்ததல்ல. தமிழ் யூனியன் கழகத்தின் உறுப்பினர் மண்டபத்துக்குள் எங்கள் ஆள் ஒருவர் உள்ளே போயிருந்தால் தேநீர்த் தட்டோடுதான் போயிருக்க முடியும். கொழும்பு ஏழின் தமிழருக்கும் லயத்துத் தமிழருக்கும் இடையே இருந்த தூரம், பதுளைக்கும் கொழும்புக்கும் இடையிலான ரயில் பாதையைவிட நீளமானது. அதையும் தாண்டி ஒரு பன்னிரண்டு வயதுத் தோட்டத்துச் சிறுவன் அந்த மனிதரைத் தன்னவர் என்று எடுத்துக்கொண்டான். விளையாட்டு செய்யும் வித்தை அது. நாடு தராத உரிமையைக்கூட ஒரு மாலைப்பொழுதுக்கு அது தந்துவிடும். அதனால்தான், அப்படிக் கிடைத்தவரை யாரேனும் குறை சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது.

*

1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி சென் அல்பன்ஸ் பிளேஸ் 7ஆம் இலக்க வீட்டின் கார்க் கொட்டகையில் ஒரு பெண் இறந்து கிடந்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. அருகே, கழுத்தையொட்டி, வீட்டு மர உரல் கிடந்தது. அவர் சதாசிவத்தின் மனைவி. நான்கு பெண் பிள்ளைகளின் தாய். செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். கணவருக்கு வேறொரு பெண்ணுடன் ஏற்பட்ட உறவின் காரணமாக, அப்போது விவாகரத்து வழக்குத் தொடுத்திருந்தார்.

சதாசிவம் கைது செய்யப்பட்டார். சில நாள்களுக்கு முன்புதான் அவ்வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்த, இன்னும் இருபது வயது நிறையாத வில்லியம் என்ற தென்னிலங்கைக் கிராமத்து இளைஞனும் பிடிபட்டான். கொலை செய்தவர் எஜமானே என்றும், அவர் சொற்படி தான் உதவியதாகவும் அவன் சொன்னான். நிபந்தனையுடன் கூடிய மன்னிப்புப் பெற்று முடியின் சாட்சியானான். சதாசிவம் ஏறத்தாழ இருபது மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். 1953இல் நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில், ஜூரிகளோடு ஐம்பத்தேழு நாள்கள் வழக்கு நடந்தது. அதற்கு முன் இலங்கை அப்படியொரு கொலை வழக்கைக் கண்டதில்லை.

எதிரி சார்பில் ஆஜரானவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா; லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர், நாட்டின் தலைசிறந்த குற்றவியல் சட்டத்தரணி, பின்னாளில் 1972 அரசியலமைப்பின் சிற்பி. வழக்கு ஒரே கேள்வியைச் சுற்றிச் சுழன்றது: அந்தப் பெண் எத்தனை மணிக்கு இறந்தார்? சதாசிவம் காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரொன்றில் வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டார் என்பது எதிர்த்தரப்பின் நிலை. மரணம் அதற்கு முன்பென்றால் ஒரு கதை. அதற்குப் பின்பென்றால் முற்றிலும் வேறு கதை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சட்டவைத்தியப் பேராசிரியர் ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரம், உடலின் வெப்பம் எவ்வளவு தணிந்திருந்தது, இரைப்பையில் உணவு எந்த நிலையில் இருந்தது என்பன போன்றவற்றைக்கொண்டு நேரத்தைக் கணிக்க முயன்றார். எடின்பரோவிலிருந்து உலகப் புகழ்பெற்ற சட்டவைத்திய அறிஞர் சேர் சிட்னி ஸ்மித் எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கொழும்புக்கு வந்தார். கொலை நடந்தது படுக்கையறையிலா சமையலறையிலா என்பதை, இறந்தவரின் பாதங்களில் படிந்திருந்த அழுக்கைக்கொண்டு விவாதிக்கும் அளவுக்கு அந்த வழக்கு நுணுக்கமாகச் சென்றது.

அதன் பின்விளைவொன்று பலரும் அறியாதது. இறந்த உடல் எந்த வேகத்தில் குளிர்கிறது என்பதற்கு வெப்ப நாடுகளுக்குரிய அளவுகள் அப்போது போதுமானவையாக இருக்கவில்லை. கொழும்பில் தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில் வெப்பத்தை அளந்து டி சேரம் தம் சகாக்களோடு ஒரு ஆய்வை 1955இல் வெளியிட்டார். தூக்கிலிடப்பட்டவருக்கு இறந்த நேரம் நிமிடக் கணக்கில் தெரியும் அல்லவா? சட்டவைத்திய நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு அது.

1953 ஜூன் 25ஆம் திகதி, ஜூரிகள் சதாசிவத்தைக் குற்றவாளியல்லர் என்று ஏகமனதாக அறிவித்தனர். அவர் விடுதலையானார். ஏழே வாரங்களில், ஓகஸ்ட் 12இல், அரிசி விலையேற்றத்துக்கு எதிரான பெரும் ஹர்த்தால் நாட்டை முடக்கியது. அதை முன்னின்று நடத்திய தலைவர்களில் ஒருவர் கொல்வின். நாட்டின் கவனம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றம் விடுவித்த மனிதரை எழுத்தில் மறுபடி கூண்டிலேற்றும் உரிமை எந்தப் பத்திரிகையாளனுக்கும் இல்லை. ஐம்பத்தேழு நாள்கள் கேட்டவர்கள் ஒருமனதாகச் சொன்னது அது. சதாசிவம் நிரபராதி. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் மன்னிப்புப் பெற்ற சாட்சியும் போய்விட்டான். அந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

*

பின்கதை சுருக்கமானது. சதாசிவம் மலாயாப் பக்கம் போனார். சிங்கப்பூர் அணிக்கும் மலாயா அணிக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளுக்குத் தலைவராக இருந்தவர் என்ற அபூர்வப் பெருமை அவருக்கு அப்படித்தான் வந்தது. மறுமணம் செய்துகொண்டார். காலப்போக்கில் இலங்கைக்குத் திரும்பி, 1977 ஜூலை 9ஆம் திகதி கொழும்பில் காலமானார்.

எனக்கு அப்போது எட்டு வயது. லுணுகலைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் தாத்தா கணக்கப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் 'வீரகேசரி' வரவழைத்தவர்கள் சிலரே. அவர் அவர்களில் ஒருவர். மாலையில் பெரட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு வாசற்படியில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி, கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சீர்செய்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வாரம் முழுவதும் தேர்தல் செய்திதான்; வாக்களிப்பு ஜூலை 21. நடுவே ஒரு நாள் தாத்தா, "சதாசிவம் செத்துட்டாராம்" என்றார்.

அப்பாயிக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆனால் சதாசிவத்தைத் தெரிந்திருந்தது. 1953இல் அந்த வழக்கைத் தாத்தா நாள்தோறும் வாசிக்க, லயத்தில் பாதிப்பேர் கூடிக் கேட்டிருக்கிறார்கள்.

"அந்தக் கொலைக் கேசுக்காரரா?"

"அவருதான். விடுதலை ஆனவரு."

"அந்தம்மா பேரு என்னாங்க?"

தாத்தா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போடல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பவும் திருமதி சதாசிவம்னுதான் போட்டான்" என்றார்.

"அந்த வேலைக்காரப் பய?"

"மன்னிப்புக் குடுத்து விட்டுட்டாங்களே."

"அப்ப யாருதான் கொன்னா?"

தாத்தா பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார்.

அந்த உரையாடல் அன்றே என் மனதில் தங்கியதாகச் சொன்னால் அது பொய். அடுத்த மாதமே இனக்கலவரம் வந்தது. மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் மூட்டை கட்டின. அந்த அச்சத்தில் மற்றதெல்லாம் அடிபட்டுப் போயிற்று. பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, பழைய வழக்குகளை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அப்பாயியின் இரண்டு கேள்விகளும் திரும்பி வந்தன.

அப்பாயி அந்த வழக்கை நாங்கள் கேட்ட பக்கத்திலிருந்து கேட்கவில்லை. கொழும்பு பங்களாக்களுக்கு வீட்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் தோட்டங்கள் எங்களுடையவை. எட்டு வயதிலும் பத்து வயதிலும் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். சிலரைப் பற்றிய தகவல் மட்டும் வந்தது. அந்த வழக்கில் அப்பாயியின் கண்ணில் பட்டவர்கள் இருவர்: வீட்டுக்குள்ளே கொல்லப்பட்ட பெண்ணும், வந்து சில நாளே ஆன வீட்டில் அகப்பட்டுக்கொண்ட வேலைக்காரனும். அவன் நல்லவனா கெட்டவனா என்று அப்பாயி தீர்ப்புச் சொன்னதில்லை. "பெரிய வீட்டுக்குள்ள நடக்குறது வெளியில வராது" என்று மட்டும் சொல்வார். என் அத்தைமாரில் ஒருவரையும் கொழும்புக்கு அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. 2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு மருத்துவமனையில் இறந்த செய்தியை எழுதியபோது, அந்த வாசகம்தான் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

*

மறுபடி மரடோனாவுக்கு வருகிறேன். அவர் இறந்தபோது உலகம் அழுதது. கேரள அரசு விளையாட்டுத்துறையில் இரண்டு நாள் துக்கம் அனுஷ்டித்தது. 2012இல் அவர் கண்ணூருக்கு வந்துபோனதை மலையாளிகள் கண்ணீரோடு நினைவுகூர்ந்தார்கள். நாப்போலி தன் மைதானத்துக்கே அவர் பெயரைச் சூட்டியது. மூன்று நாள் கழித்து ஸ்பெயினில் ஒரு பெண்கள் உதைபந்தாட்டப் போட்டிக்கு முன்பாக ஒரு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்பட்டபோது, பவுலா டபேனா என்ற இளம் வீராங்கனை மட்டும் எழுந்து நிற்காமல், முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச தினம். அன்று வன்முறையில் இறந்த பெண்களுக்காக யாரும் மௌனம் காக்கவில்லை, பெண்ணைத் தாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக நான் ஏன் காக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

அந்தப் பெண்ணின் மீது முதலில் எனக்கும் எரிச்சல்தான் வந்தது. 1986இல் பதுளையில் நண்பனின் வீட்டில், கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நள்ளிரவில் கத்தியவர்களில் நானும் ஒருவன். இறந்தவனை ஒரு நிமிடம் சும்மா விடக்கூடாதா என்று நினைத்தேன். பிறகு அப்பாயியை நினைத்தேன். இருவரும் கேட்டது ஒன்றையேதான்.

மரடோனாவின் மீது சாட்டப்பட்டவற்றையும் சதாசிவத்தின் வழக்கையும் நான் ஒரு தட்டில் வைக்கவில்லை. ஒருவர் நீதிமன்றத்தால் முற்றாக விடுவிக்கப்பட்டவர். நான் பேசுவது நாயகர்களைப் பற்றியே அல்ல, ரசிகர்களாகிய நம்முடைய நினைவைப் பற்றி. சதாசிவத்தைப் பற்றிய கட்டுரைகள் ஆங்கிலத்தில் ஏராளம். பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே: பத்துப் பத்தி மணிக்கட்டு, இரண்டு பத்தி வழக்கு, கடைசியில் 'அந்தத் துயரம் மட்டும் நேராதிருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார்' என்ற பெருமூச்சு. ஒரு பெண் கழுத்து நெரிபட்டு இறந்தது அங்கே ஒரு துடுப்பாட்டக்காரரின் வாழ்வில் வந்த இடையூறாகிவிடுகிறது. வழக்கை மையமாக வைத்துப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ எழுதிய நூல் 2006இல் வந்தது. சேர் சிட்னி ஸ்மித்தும் தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதினார். சட்டமாணவருக்கும் மருத்துவமாணவருக்கும் அவை பாடம். ஆனால் இறந்தவர் எப்படி வாழ்ந்தார், எதற்குச் சிரித்தார், நான்கு பெண் பிள்ளைகளை எப்படி வளர்க்க நினைத்தார் என்று எழுத யாருமில்லை. அவருடைய உடலின் வெப்பம் தெரியும். இரைப்பையில் இருந்தது தெரியும். பாதத்து அழுக்கும் தெரியும். மற்றது தெரியாது.

அவர் பெயர் பரிபூரணம் ஆனந்தம். இராஜேந்திரா குடும்பத்துப் பெண்.

அதற்காகச் சதாசிவத்தின் 215ஐ மறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அந்த ஆட்டம் உண்மை. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கண்ணில் அன்று விழுந்த வெளிச்சமும் உண்மை. குடியுரிமையற்ற ஒரு சமூகத்தின் பிள்ளைக்கு 'நம்ம' என்று சொல்ல ஒருவர் கிடைத்தார் என்பதும் சிறிய விஷயமல்ல. அழகைக் கண்டவர்கள் அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் போனபின் சொல்ல ஆளில்லை. நான் கேட்பதெல்லாம், கதையைச் சொல்லும்போது அந்த வீட்டில் இருந்த எல்லோரையும் எண்ணிச் சொல்லுங்கள் என்பதுதான்.

*

ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முந்தைய நாள் ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். முற்றத்துக் கதிரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். மறுபடியும் 96 ஓட்டக் கதை வந்தது. முடிந்ததும் மெதுவாகக் கேட்டேன்:

"சேர், அவருடைய மனைவியின் பெயர் ஞாபகம் இருக்கிறதா?"

அவருக்கு 1948 அணியின் பதினொருவர் பெயரும் வரிசையாகத் தெரியும். பிரட்மனின் விக்கெட்டை எடுத்தவர் யார் என்பதும் தெரியும். இதற்கு மட்டும் நெடுநேரம் பேசாதிருந்தார். "மிஸிஸ் சதாசிவம்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். நானும் சொல்லவில்லை.

கொழும்புக்கு வந்து நான்கு நாள் கழித்துத் தொலைபேசி ஒலித்தது. நலம் விசாரிக்கவில்லை, மழையைப் பற்றிப் பேசவில்லை.

"ஆனந்தம்" என்றார். "ஆனந்தம்தானே தம்பி? நேத்து ராத்திரி ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் தூக்கம் வரல."

அந்தச் சலூனில் அடுத்தமுறை கதை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதாகச் சொன்னார். சொன்னார் என்று பிறகு அந்த இளைஞனே எனக்குச் சொன்னான்.